கணவாயில் மட்டும் கொதிக்கும் வண்டி

ஆண்டிபட்டி கணவாய் ஒன்றும் பெரிய மலைப்பாதை இல்லை. கொடைக்கானலுக்கும் மேகமலைக்கும் வண்டி ஓட்டுகிறவர்கள் அதை ஏற்றக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். உசிலம்பட்டி தாண்டியதும் சாலை மெல்லத் தலைதூக்கி, நாலைந்து வளைவு வளைந்து, அந்தப் பக்கம் தேனி மாவட்டத்தில் இறங்கிவிடும். அந்த நாலைந்து வளைவைத்தான் எங்கள் மாருதி 800 இரண்டு வருடமாக ஏற மறுத்தது. பாதி ஏறும். டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடும். பானட்டுக்கு அடியிலிருந்து வெந்த இரும்பு வாசனை வரும். ஒரு சின்னப் பாலத்தின் திண்டுப் பக்கம் ஓரங்கட்டி அரை மணி நேரம் உட்கார வேண்டும். எப்போதும் அதே திண்டு. என் மகள் அதற்கு ‘நம்ம ஸ்டாப்’ என்று பெயர் வைத்திருந்தாள்.

வண்டி 1997 மாடல். 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர், ஏசி கிடையாது. ஆண்டிபட்டியில் இருக்கும் மாமனார் ஓட்டியது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு இனி ஓட்ட வேண்டாம் என்று எல்லோரும் சொல்ல, மதுரைக்குப் பக்கத்தில் நாகமலை புதுக்கோட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. கூடவே இரண்டு பொருள்கள் வந்தன. ஒன்று, டிக்கியில் இரண்டு 5 லிட்டர் வெள்ளைக் கேன். “மாப்பிள்ளை, எங்கிட்டுப் போனாலும் தண்ணி மட்டும் மறந்துறாதீங்க” என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். குடிக்கிற தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொன்று, கிளவ் பாக்ஸில் ஒரு பாக்கெட் நோட்டு. வண்டிக்குச் செய்த ஒவ்வொரு செலவையும் தேதி போட்டு எழுதியிருந்தார். அந்த நோட்டை முதல் நாளே ஒழுங்காகப் படித்திருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

முதல் தடவை நன்றாகக் கொதித்தது ஒரு மே மாதத்து மத்தியானம். நான்கு பேர், ஒரு பலாப்பழம், இரண்டாவது கியர். ஆவி வந்ததும் பதறிப்போய் ஈரத்துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியில் கை வைத்தேன். பின்னால் வந்து நின்ற லாரிக்காரர் கத்தினார்: “தம்பி, மூடியத் தொடாத! விசில் போகாத குக்கரத் தெறப்பியா?” அந்த ஒரு வாக்கியத்தால் என் முகம் தப்பித்தது. அவர் சொன்னபடி பானட்டை மட்டும் திறந்து வைத்துவிட்டு, டாப் ஹோஸை, அதாவது இன்ஜினிலிருந்து ரேடியேட்டரின் மேல் வாய்க்குப் போகும் ரப்பர் குழாயை, கையால் அமுக்கினால் தளர்வாக இருக்கும் வரை காத்திருந்து, அப்புறம்தான் திறந்தோம். அந்தச் சூட்டில் பச்சைத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் இன்ஜினின் தலைப்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்துபோகும் என்றும் சொல்லிவிட்டுத்தான் போனார். 2022-இல் தேனி வரை ரயில் திரும்ப வந்துவிட்டதால், இனிமேல் அம்மா வீட்டுக்கு ரயிலிலேயே போய்க்கொள்கிறேன் என்று மனைவி அன்றைக்கே அறிவித்துவிட்டாள். வண்டியை விட எனக்கு அதுதான் சுட்டது.

போன மெக்கானிக் கடை எல்லாம் ஒரே தீர்ப்பு. “ஹெட் கேஸ்கட் போயிருச்சு. ஹெட்டை இறக்கி, லேத்துல குடுத்து பேஸ் எடுத்துறலாம்.” ஒருவர் பானட்டைத் திறக்காமலேயே சொன்னார். ஹெட்டுக்கும் அதன் கீழே இருக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடுதான் கேஸ்கட், பேஸ் எடுப்பது என்றால் ஹெட்டின் பரப்பைச் சமமாக்குவது. கேஸ்கட் போயிருக்கலாம்தான், ஆனால் அதைக் காட்டும் அடையாளம் எதையும் யாரும் எனக்குக் காட்டவில்லை. நான் பிழைப்புக்கு இன்வெர்ட்டர் சர்வீஸ் செய்பவன். எங்கள் தொழிலில் மீட்டர் வைத்துப் பார்க்காமல் போர்டை மாற்றினால் கைக்காசுதான் போகும். அந்தப் புத்தியில் ஞாயிற்றுக்கிழமைகளை இதற்கு ஒதுக்கினேன்.

முதல் வேலை, ஸ்பேனரை எடுக்காமல் வண்டி எப்போது சூடாகிறது, எப்போது ஆகவில்லை என்று எழுதியது. காளவாசல் சிக்னல், பெரியார் நிலையம் சுற்று வட்டாரம், சாயங்கால நெரிசலில் இருபது நிமிடம் ஊர்ந்தும் முள் பாதியைத் தாண்டவில்லை. செக்கானூரணி வரை 50-இல் போனால் பாதிக்கும் கீழே. 80-இல் மிதித்தால் பத்து நிமிடத்தில் மெதுவாக ஏறத் தொடங்குகிறது. கணவாயில் கேட்கவே வேண்டாம். இதிலேயே ஒரு பெரிய விஷயம் இருந்தது. நெரிசலில் நிற்கும்போது சூடாகி, ஓடும்போது ஆறினால் ஃபேனைச் சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் நிற்கும் வண்டிக்குக் காற்று கொடுப்பது ஃபேன் மட்டும்தான். என் வண்டி நேர் எதிர். இன்ஜின் அதிகம் உழைத்து அதிகம் சூட்டைக் கக்கும்போதுதான் சமாளிக்க முடியவில்லை. அதாவது சூட்டை வெளியே கொண்டுபோகும் பாதையில் எங்கோ இடுக்கு. தண்ணீர் ஓட்டமா, ரேடியேட்டரா, கேஸ்கட்டா, பெட்ரோல் காற்றுக் கலவையா, இக்னிஷன் டைமிங்கா என்பது இன்னும் திறந்த கேள்வி. கடைசி இரண்டையும் ஒரு அரை நாளில் பார்த்துத் தள்ளிவிட்டேன், பிளக் மூன்றும் ஒரே மாதிரி காபித்தூள் நிறத்தில் இருந்தன, டைமிங் லைட்டில் குறி சரியாக நின்றது.

அடுத்து முள்ளையே சந்தேகப்பட்டேன். 26 வருடத்து மீட்டர் பொய் சொல்லலாம். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி ஒன்றை வாங்கினேன். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பளபளப்பான பித்தளை, அலுமினியத்தின் மீது நேராக அடித்தால் நிஜத்தை விடக் குறைவாகக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு விரல் அகலம் ஒட்டி அதன் மேல் அடிக்க வேண்டும். ரேடியேட்டருக்குள் தண்ணீர் நுழையும் மேல் வாயில் ஒரு டேப், வெளியேறும் கீழ் வாயில் ஒரு டேப். கணவாய்த் திண்டில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல், ஆக்ஸிலேட்டரைக் கையால் பிடித்து ஒரே வேகத்தில் வைத்து அளந்தேன். மேலே 106 டிகிரி, கீழே 68. முள் சொன்னது உண்மை. கூடவே 38 டிகிரி வித்தியாசம். அந்த எண்ணை எழுதி வைத்தேனே தவிர, அது என்ன சொல்கிறது என்று அன்றைக்குப் புரியவில்லை.

கேஸ்கட் பயத்தையும் முதலிலேயே தீர்த்துக்கொள்ள நினைத்தேன். தண்ணீர் ஆயிலில் கலந்தால் தெரிகிற பால் கலந்த டீ மாதிரி எதுவும் ஆயில் குச்சியில் இல்லை. காலையில் இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து ரேடியேட்டர் கழுத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். கேஸ்கட் வழியாக சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் கசிந்தால் சோடா பாட்டில் மாதிரி விடாமல் குமிழ் வரும். ஆரம்பத்தில் இரண்டு குமிழ் வந்தது, அப்புறம் சும்மா இருந்தது. மறுநாள் காலை மூடியைப் போட்டே ஸ்டார்ட் செய்து, உடனே டாப் ஹோஸை அமுக்கினேன். தண்ணீர் சூடாவதற்கு முன்பே ஹோஸ் கல்லாகிவிட்டால் அது வாயுவின் வேலை. தளர்வாகவே இருந்தது. புகைபோக்கியில் வெள்ளைப் புகையும் இல்லை. இவை எல்லாம் சேர்ந்தும் நூற்றுக்கு நூறு உறுதி தராது, ஆனால் ஹெட்டை இறக்குவதைக் கடைசிக்குத் தள்ள இது போதும்.

பிறகு ரேடியேட்டர் மூடி. சின்னப் பொருள், யாரும் மதிப்பதில்லை. மேலே 0.9 என்று அடித்திருக்கும். அந்த அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் வெறும் தண்ணீர்கூட சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. என் மூடியின் ரப்பர் வெடித்து, ஸ்பிரிங் விரலால் அமுக்கினாலே இறங்கியது. ரிசர்வ் டேங்குக்குப் போகும் சின்னக் குழாயும் கழுத்தில் கீறல் விட்டிருந்தது, அதனால் இன்ஜின் ஆறும்போது டேங்கிலிருந்து தண்ணீரைத் திரும்ப இழுக்காமல் காற்றை இழுத்திருக்கிறது. இரண்டையும் மாற்றினேன், 200 ரூபாய்க்குள் முடிந்தது. அடுத்த பயணத்தில் திண்டைத் தாண்டினோம்! மகள் கை தட்டினாள். நான் மட்டும் முள்ளைப் பார்த்தேன், அது சிவப்பில்தான் நின்றது. கொதிக்கவில்லை, அவ்வளவுதான். சூடு அப்படியே இருந்தது.

அப்போதுதான் மாமனாரின் நோட்டை எடுத்து உட்கார்ந்து படித்தேன். நடுநடுவே இப்படி வரிகள்:

2006 – வால்வு எடுத்தது. கூலி 100.
2011 – ஃபேன் டைரக்ட்.
2014 – ரேடியேட்டர் ஒழுகல். மஞ்சள்.

வால்வு என்றால் தெர்மோஸ்டாட், இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைக்கும் கதவு. நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று கழற்றி எறிவது இங்கே ஒரு தலைமுறை மெக்கானிக்குகளின் வழக்கம். ஃபேன் டைரக்ட் என்றால் சூட்டைப் பார்த்து ஃபேனைப் போட்டு அணைக்கும் சுவிட்சைத் தாண்டி, சாவி போட்டதும் ஓடுகிற மாதிரி ஒயரை இழுத்துவிட்டார்கள். மூன்றாவது வரிக்கு மாமாவுக்கே போன் செய்தேன். “மஞ்சத்தூள்தான் மாப்பிள்ளை. ஒரு கை அள்ளிப் போட்டா ஒழுகல் நின்னுரும். நின்னுச்சே!” என்றார் பெருமையாக.

நின்றதுதான். எங்கே போய் நின்றது என்பதை செல்லூரில் ஒரு ரேடியேட்டர் பட்டறையில் பார்த்தேன். தண்ணீரை வடித்து, ரேடியேட்டரை நானே கழற்றி, டிவிஎஸ் எக்ஸெலின் முன்னால் வைத்துக் கொண்டுபோனேன். பாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பித்தளையும் செம்பும் சேர்ந்த பழைய ரேடியேட்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. “இப்ப வர்றதெல்லாம் பிளாஸ்டிக் டேங்க் தம்பி, தூக்கிப் போட வேண்டியதுதான். இதைப் பிரிக்கலாம், அடைக்கலாம், பேரனுக்கும் குடுக்கலாம்” என்றார். கேஸ் சுடரை மேல் தொட்டியின் விளிம்பில் ஒரு சுற்றுக் காட்டினார். ஈயம் வெள்ளிக் கண்ணீராக உருகி வழிந்தது. குறட்டால் ஒரு இழுப்பு, தொட்டி தனியே வந்தது. உள்ளே வரிசையாகத் தட்டைக் குழாய்களின் வாய்கள் தெரிய வேண்டும். தெரிந்தது அடைதான். துருவும் சுண்ணாம்பும் மஞ்சளும் சேர்ந்து இறுகிய, கடுகு நிறத்து அடை. பாய் நகத்தால் கிள்ளி எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, “என்ன தம்பி, சாம்பார் வச்சீங்களா உள்ள?” என்றார். மாமனாரைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. சிரித்து வைத்தேன்.

ஒவ்வொரு குழாயாக நீளமான தட்டைக் கம்பியை விட்டு இழுத்தார். பாதிக் குழாய்களுக்கு மேல் கம்பி முதலில் நுழையவே இல்லை. பைய, பைய, ஒவ்வொன்றும் ஒரு சேற்றுத் துண்டைத் துப்பிவிட்டு வழிவிட்டது. தொட்டியை மறுபடி ஈயம் வைத்து ஒட்டி, வாய்களை அடைத்து, காற்று ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்தார். ஒரு குமிழ் இல்லை. 1,200 ரூபாய். கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு போகிற வழியில் ஜிகர்தண்டா எல்லாம் குடித்தேன்.

முடியவில்லை. அடுத்த ஞாயிறு கணவாயில் முள் முன்பை விடக் கொஞ்சம் தாமதமாக ஏறியது, ஆனால் ஏறியது. நம்ம ஸ்டாப்பில் நிறுத்தி அளந்தேன். மேலே 104. கீழே 56.

உண்மையில் இதற்குத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். ரேடியேட்டர் சுத்தமான பிறகு வித்தியாசம் குறையும் என்று எதிர்பார்த்தேன், 38 டிகிரி 48 ஆகிவிட்டது. திண்டில் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தேன். ரேடியேட்டர் தன் வேலையைப் பிரமாதமாகச் செய்கிறது, உள்ளே வரும் தண்ணீரை 56 வரை ஆற்றி அனுப்புகிறது. அப்படியும் இன்ஜின் 104-இல் இருக்கிறது என்றால், ஆறின தண்ணீர் போதிய அளவு இன்ஜினுக்குப் போய்ச் சேரவில்லை. இருக்கிற சொற்பத் தண்ணீர் இன்ஜினுக்குள் ரொம்ப நேரம் நின்று காய்கிறது, ரேடியேட்டருக்குள் ரொம்ப நேரம் நின்று ஆறுகிறது. ஓட்டம் நன்றாக இருக்கும் வண்டியில் இரண்டுக்கும் சுமார் பத்து டிகிரிதான் வித்தியாசம் இருக்கும். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், ஒயரின் இரு முனைக்கும் இடையே வோல்டேஜ் இவ்வளவு விழுகிறது என்றால் நடுவில் ஏதோ தடுக்கிறது.

தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் சொன்னபோது அவர் வேறு மாதிரி சொன்னார்: “வால்வு இல்லைல்ல, அதான் தண்ணி வேகமா ஓடிருது. ரேடியேட்டர்ல ஆற நேரமில்ல.” இதைப் பல பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஆனால் இது சரியில்லை. தண்ணீர் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு சூட்டை மொத்தத்தில் வெளியே கொண்டுபோகும். ஒரு சுற்றில் குறைவாக ஆறினாலும் சுற்றுகள் அதிகம். அதுவும் போக, வேகமாக ஓடி ஆறாமல் வருகிறதென்றால் கீழ் வாயில் 56 எப்படி வரும்? துப்பாக்கியை அவர் கையில் கொடுத்தேன். அவரே அடித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

இடுக்கு எங்கே என்று பார்க்க, ஆறின தண்ணீரை ரேடியேட்டரிலிருந்து இன்ஜினுக்குக் கொண்டுபோகும் பாட்டம் ஹோஸில் தொடங்கினேன். பழைய ஹோஸ் உள்ளே தளர்ந்து போயிருந்தால், இன்ஜின் வேகமெடுக்கும்போது தண்ணீரைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்ப் உறிஞ்சுகிற உறிஞ்சில் ஒட்டிப்போய் இளநீர் ஸ்ட்ரா மாதிரி அடைத்துக்கொள்ளும். மகளை ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தேன். ஹோஸ் விரலால் அமுக்கினால் கொழகொழவென்று இருந்தது, ஒட்டிப்போக எல்லாத் தகுதியும் இருந்தது, ஆனால் இம்மியும் அசையவில்லை. நல்லதுதானே என்று எழுந்தவன் மறுபடி குனிந்தேன். இவ்வளவு தளர்ந்த ஹோஸ் ஒட்டவில்லை என்றால், உறிஞ்ச ஆளே இல்லை என்று அர்த்தம்.

மூடியைக் கழற்றிக் கழுத்துக்குள் பார்த்தேன். தெர்மோஸ்டாட் இல்லாத வண்டி, ஆகவே தண்ணீருக்குத் தடை கிடையாது. இன்ஜினை வேகமாக்கினால் கழுத்துக்குள் வாய்க்கால் மடை திறந்த மாதிரி ஓட்டம் தெரிய வேண்டும். ஒரு வேப்பிலைத் துணுக்கு எப்படியோ உள்ளே விழுந்திருந்தது. இன்ஜின் உறுமுகிறது, அந்த வேப்பிலை தெப்பக்குளத்தில் மிதக்கிற மாதிரி நின்ற இடத்தில் நடுங்கிக்கொண்டிருக்கிறது. ஃபேன் பெல்ட் இறுக்கமாக இருக்கிறது, பம்ப் புல்லி சுற்றுகிறது, தண்ணீர் மட்டும் சுற்றவில்லை.

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. “பம்ப் ஒரு சொட்டு ஒழுகலையே தம்பி. சத்தமும் இல்ல, ஆட்டமும் இல்ல.” அவர் சொன்னது எல்லாம் உண்மை. பம்பின் சீல் போனால் ஒழுகிக் காட்டுவதற்கென்றே அடியில் ஒரு சின்ன ஓட்டை விட்டிருப்பார்கள், அது காய்ந்து கிடந்தது. பேரிங் கெட்டால் புல்லி ஆடும், ஆடவில்லை. அதனால்தான் இத்தனை வருடமாக எல்லோரும் மற்ற எல்லாவற்றிலும் கை வைத்துவிட்டு அதை மட்டும் விட்டிருக்கிறார்கள். செலவு என்னுடையது, கழற்றித்தான் பார்ப்போமே என்று சம்மதிக்க வைத்தேன். டைமிங் பெல்ட் பக்கம் கை வைக்க வேண்டிய வேலை, அதனால் அதை அவரிடமே விட்டேன். அந்த பெல்ட்டையும் கையோடு மாற்றிவிட்டோம், எப்போது மாற்றியது என்று நோட்டிலேயே இல்லை.

பம்ப் வெளியே வந்ததும் அண்ணன் எதுவும் பேசவில்லை. புதிய பம்பைப் பெட்டியிலிருந்து எடுத்து, இரண்டையும் தினத்தாள் மேல் பக்கத்துப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார். புதியதன் பின்னால் இருக்கும் சின்ன விசிறியில் இறக்கைகள் விறைப்பாக, விரல் நகம் அளவு உயரமாக நின்றன. பழையதில் இறக்கை இருந்த இடத்தில் கரைந்துபோன சோப்பின் விளிம்பு மாதிரி ஒரு மேடு. இரண்டு இறக்கைகள் அடியோடு இல்லை. மீதி இருந்ததை அண்ணன் கட்டைவிரலால் அழுத்தினார், அப்பளம் மாதிரி நொறுங்கியது. தண்டும் சீலும் மட்டும் புதுசு போல. அதாவது வருடக்கணக்காக ஒரு வழுவழுத் தட்டைத் தண்ணீருக்குள் சும்மா சுற்றிக்கொண்டிருந்திருக்கிறோம். மெதுவாகப் போகையில் தப்பித்தது, ஏற்றத்தில் முடியவில்லை.

இறக்கையைத் தின்றது எங்கள் ஊர் போர் தண்ணீர். வீட்டில் வெந்நீர்ப் பானையின் உள்பக்கம் பார்த்தால் தெரியும், வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும். ரேடியேட்டர் தண்ணீரில் கலந்து ஊற்றும் திரவமான கூலன்ட் என்றால் குளிரவைப்பது என்று பெயரை வைத்து நினைத்துக்கொள்கிறோம். சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் அதைவிடக் கெட்டி. நம் பக்கம் தண்ணீர் உறையப் போவதும் இல்லை. இங்கே கூலன்ட்டின் முக்கியமான வேலை துருப் பிடிக்காமல் காப்பது. மாமா முதலில் ஊற்றிக்கொண்டுதான் இருந்தார், நோட்டில் 2006 வரை கூலன்ட் வாங்கிய செலவு இருக்கிறது. வால்வைக் கழற்றிய வருடத்திலிருந்து அந்தச் செலவே இல்லை. அடிக்கடி குறைகிற தண்ணீருக்கு எவன் காசு கொடுத்துக் கூலன்ட் ஊற்றுவான்? எனக்குத் தோன்றுவது இதுதான்: அன்றைக்கு ஏதோ ஒரு சின்னக் காரணத்துக்காக வால்வு போனது, வால்வோடு கூலன்ட் போனது, கூலன்ட் போனதால் பம்ப் கரைந்தது, பம்ப் கரைந்ததை மறைக்க ஃபேன் டைரக்ட் ஆனது, துருப்பிடித்து ஒழுகிய ரேடியேட்டருக்கு மஞ்சள் பூசப்பட்டது. நான் வாங்கிக்கொண்டது ஒரு நோயை அல்ல, வரிசையாகச் செய்த வைத்தியங்களை.

சரி, எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடுவது என்று முடிவு. புது பம்பைப் போட்டு, ரேடியேட்டரைப் பூட்டுவதற்கு முன்பு இன்ஜினுக்குள் தோட்டத்துக் குழாயைத் திருப்பி விட்டுத் தண்ணீர் தெளியும் வரை அலசினோம். முதல் பத்து நிமிடம் செம்மண் கரைசல்தான். படிந்த சுண்ணாம்புக்கு மளிகைக் கடை எலுமிச்சை உப்பை 50 கிராம் கரைத்து, இருபது நிமிடம் மட்டும் இன்ஜினை ஓடவிட்டு இறக்கி, மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசினேன். அலுமினியம் இருக்கிற இடத்தில் புளிப்பை ஊறப் போட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது, மணி பார்த்தே நின்றேன்.

தெர்மோஸ்டாட் புதிது வாங்கினேன், 82 என்று அடித்தது. போடுவதற்கு முன் சோதிக்க வீட்டில் பால் காய்ச்சும் பாத்திரத்தை எடுத்துவிட்டேன், அதற்கு வாங்கிய பேச்சு தனி. நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டர். 80 வரை கல்லு மாதிரி இருந்தது, 83-இல் நடுவில் பிறை மாதிரி ஒரு கீற்று திறந்தது, 90 தாண்டியதும் முழுவாய் திறந்தது. பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதில் ஆடுகிற ஒரு குட்டி ஊசி இருக்கும், பூட்டும்போது அது மேல்பக்கம் வர வேண்டும், உள்ளே மாட்டிய காற்று அது வழியாகத்தான் வெளியேறும். அதே பாத்திரத்தில் ஃபேன் சுவிட்சையும் முக்கி மல்டிமீட்டரில் பார்த்தேன், பழைய சுவிட்ச் சூட்டிலும் அசையவில்லை. புதியது போட்டு டைரக்ட் ஒயரை வெட்டி எடுத்தேன்.

நிரப்பியது டிஸ்டில்டு வாட்டர் ஏழு பங்கு, கூலன்ட் மூன்று பங்கு. வாசல் சரிவில் வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தி, மூடி போடாமல் ஸ்டார்ட் செய்தேன். பத்து நிமிடம் டாப் ஹோஸ் ஜில்லென்று இருந்தது. திடீரென்று கையை எடுக்க வைக்கும் சூடு, கூடவே கழுத்தில் பொளக் பொளக்கென்று காற்று வெளியேறித் தண்ணீர் மட்டம் இறங்கியது. வால்வு திறந்துவிட்டது. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் தூக்கினேன், கழுத்துக்குள் பச்சை நிறத்தில் ஒரு வாய்க்கால் ஓடியது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பம்ப், டைமிங் பெல்ட், வால்வு, சுவிட்ச், ஹோஸ்கள், கூலி எல்லாம் சேர்த்து 5,800 ஆனது. ரேடியேட்டரும் மூடியும் தனி. ஹீட்டருக்குப் போகும் குழாயை யாரோ முடிச்சுப் போட்ட மாதிரி வளைத்து இணைத்திருக்கிறார்கள். அதை அப்படியே விட்டுவிட்டேன், மதுரையில் ஹீட்டர் யாருக்கு வேண்டும்.

அடுத்த வாரம் வேண்டுமென்றே மத்தியானம் ஒரு மணிக்குக் கிளம்பினோம். நான்கு பேர், மனைவியும் வந்தாள், ரயில் நேரத்தை போனில் பார்த்து வைத்துக்கொண்டுதான். உசிலம்பட்டி தாண்டி மூன்றாவது கியர், இரண்டாவது கியர். முள் பாதிக்கு ஒரு நூல் மேலே போய் நின்றது. நம்ம ஸ்டாப் வந்தது. நிறுத்தினேன், நிறுத்த வேண்டிய அவசியம் இல்லாமல், அளப்பதற்காக மட்டும். மேலே 94, கீழே 84. பானட்டுக்கு அடியில் ஃபேன் தானாக ஒருமுறை ஓடி, தானாக நின்றது. அந்த அமைதி எனக்குப் பழக்கமே இல்லை.

ஆண்டிபட்டியில் மாமா வாசலிலேயே நின்றிருந்தார். வண்டியைச் சுற்றி வந்து, பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பழைய பம்பைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன், கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மஞ்சளால இல்லைல?” என்றார். “இல்ல மாமா” என்றேன். நோட்டைக் கேட்டு வாங்கி, தேதி போட்டு, வாட்டர் பம்ப் என்று எழுதித் தொகையைக் கேட்டார். சாயங்காலம் கிளம்பும்போது டிக்கியைத் திறந்தால் இரண்டு வெள்ளைக் கேனும் கழுத்து வரை நிரம்பியிருந்தன. அத்தை நிரப்பி வைத்திருக்கிறார்கள். வழியில் புளியோதரை சாப்பிட்டுவிட்டு அதில்தான் கை கழுவினோம்.